கலவை ஏன் கட்டி தட்டுகிறது? சிமெண்டுத் துகள்களும் அவற்றின் விசைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்கிரீட் சோதனை பார்க்கும் வேலையில் இருப்பவர்களிடம் வரும் கேள்விகளில் பாதி தண்ணீரைப் பற்றியவை. "கலவை கெட்டியாக இருக்கிறது, இன்னும் ஒரு குடம் ஊற்றட்டுமா?" என்று கொத்தனார் கேட்பார். "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் வரை போக வேண்டியிருக்கிறது.

கலவை கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்றுதானே பொருள்?

பெரும்பாலும் இல்லை. தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது, வேலைக்கு வராமல் சிறைப்பட்டிருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரண சிமெண்டு ஒரு கிலோவில் உள்ள துகள்களின் மேற்பரப்பையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 320 சதுர மீட்டர் வரும். 50 கிலோ மூட்டைக்கு 16,000 சதுர மீட்டர், அதாவது நான்கு ஏக்கர். ஒரு மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றால், அந்த நான்கு ஏக்கரிலும் அது ஒன்றரை மைக்ரானுக்குச் சற்றுக் குறைவான படலமாகப் பரவும். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சொற்பமாகத் தெரிந்தாலும், துகள்கள் தனித்தனியாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இது போதும்.

ஆனால் அவை தனித்தனியாக இருப்பதில்லை. தண்ணீர் பட்ட சில நொடிகளிலேயே பத்து இருபதாக, நூறாகச் சேர்ந்து திரளாகிவிடுகின்றன. கெட்டியான உருண்டை என்று நினைக்க வேண்டாம். பொரி உருண்டைபோல நடுநடுவே இடம் விட்ட அமைப்பு அது. அந்த இடுக்குகளில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. இன்னொரு குடம் ஊற்றினால் திரள் உடையாது. திரளைச் சுற்றி வெள்ளம் சேரும், அவ்வளவுதான். கலவை ஓடத் தொடங்கும், மேஸ்திரிக்கும் திருப்தி. அந்த உபரி நீர் பின்னால் ஆவியாகி, போன இடமெல்லாம் துளையாக நிற்கும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் ஏற ஏற வலிமை இறங்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே சோதித்து எழுதிவிட்டார்.

துகள்களை ஒட்ட வைப்பது எது? சிமெண்டின் பசையா?

முதல் சில நொடிகளில் பசை எதுவும் உருவாகியிருக்காது. அப்போது வேலை செய்வது வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு. எந்த இரண்டு பொருள்களும் மிக அருகில் வந்தால் அவற்றின் எலக்ட்ரான்களின் அசைவு ஒன்றோடொன்று ஒத்துப்போய் இலேசாக இழுத்துக்கொள்ளும். யோஹன்னஸ் வான் டெர் வால்ஸ் 1873-இல் வாயுக்களைப் பற்றி எழுதிய ஆய்வேட்டில் பேசப்பட்ட ஈர்ப்பு இது. 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இலேசான விசைதான், ஆனால் துகள் சிறியது. 10 மைக்ரான் அளவுள்ள இரண்டு சிமெண்டுத் துகள்கள் ஒரு நானோமீட்டர் இடைவெளியில் நின்றால், அவற்றுக்கு இடையிலான ஈர்ப்பு ஒரு துகளின் எடையைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. அதே கணக்கை ஒரு மில்லிமீட்டர் மணலுக்குப் போட்டால், ஈர்ப்பு எடையில் இருபதில் ஒரு பங்குகூட வராது. காரணம் எளியது: அளவு பத்து மடங்கானால் ஈர்ப்பும் பத்து மடங்குதான் ஆகும், எடையோ ஆயிரம் மடங்காகிவிடும். ஆகவேதான் மணல் மணலாகவே கிடக்கிறது, சிமெண்டு கட்டி தட்டுகிறது. உண்மையான துகள்கள் பளிங்கு உருண்டைகள் அல்ல, மேடு பள்ளமானவை. அதனால் விசை கணக்கில் வருவதைவிடக் குறையும். என்றாலும் இந்தக் கதை மாறாது.

அப்படியானால் ஈர மணல் ஏன் ஒட்டுகிறது? பிள்ளைகள் கடற்கரையில் வீடு கட்டுகிறார்களே?

அது வேறு விசை. இரண்டு மணல்களுக்கு நடுவே நிற்கும் நீர்த்துளியின் பரப்பு இழுவிசை பாலம்போல இருந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. முழுக்க உலர்ந்தாலும் அந்தப் பாலம் போய்விடும், முழுக்க நனைந்தாலும் போய்விடும். நடுவில் 4 முதல் 6 சதவீத ஈரத்தில்தான் மணல் நன்றாக உப்பிக்கொண்டு கன அளவில் கால் பங்குவரை கூடுதலாகக் காட்டும். மணலைப் பெட்டி கணக்கில் அளந்து போடுபவர்கள் ஏமாறும் இடமும் இதுதான்.

நுண்ணிய துகள்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்றால், குளத்துத் தண்ணீரில் களிமண் நாள்கணக்கில் கலங்கியே நிற்பது எப்படி?

ஈர்ப்புக்கு எதிராக ஒரு விலக்கமும் இருக்கிறது. நீரில் உள்ள களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை. ஒவ்வொன்றையும் சுற்றி நேர்மின் அயனிகள் மேகம்போலச் சூழ்ந்திருக்கும். இரண்டு துகள்கள் நெருங்கினால் முதலில் இந்த மேகங்கள்தான் மோதித் தள்ளிக்கொள்ளும். ஈர்ப்பு, விலக்கம் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் முறையை ரஷ்யாவில் டெர்யாகின், லாண்டாவ் இருவரும் 1941-லும், ஹாலந்தில் வெர்வே, ஓவர்பேக் இருவரும் 1948-லும் வகுத்தார்கள்.

உப்பு கரையாத நீரில் அந்த மேகம் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் பரந்திருக்கும். உப்பு கூடக் கூட மேகம் சுருங்கும். சுருங்கியதும் துகள்கள் அருகே வந்துவிடும், ஈர்ப்பு பிடித்துக்கொள்ளும், திரள் வண்டலாகும். ஆற்று நீர் கடலில் கலக்கும் இடத்தில் சேறு திரண்டு படிவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கலங்கிய நீரில் நம் வீடுகளில் படிகாரத்தைச் சுழற்றுவதும், பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைப்பதும் செய்வது இதைத்தான்: விலகி நிற்கும் துகள்களைத் திரள வைப்பது. நாம் குடிநீருக்கு விரும்பிச் செய்வது, சிமெண்டில் வேண்டாமலே நடந்துவிடுகிறது.

சிமெண்டுக் கலவையில் அவ்வளவு உப்பா இருக்கிறது?

கடல் நீரோடு ஒப்பிடத்தக்க அளவு அயனிகள் இருக்கின்றன: கால்சியம், பொட்டாசியம், சோடியம், சல்பேட், ஹைட்ராக்சைடு. பிஎச் 12.5-க்கும் மேல், சிலவற்றில் 13-ஐத் தாண்டும். கையுறையில்லாமல் நாள் முழுக்கக் கலவையை அள்ளும் சித்தாளின் விரல்நுனி தோல் உரிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. இந்த நிலையில் விலக்க மேகத்தின் தடிமன் ஒரு நானோமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சிமெண்டு ஒரே பொருள் அன்று. அலுமினேட் பகுதியும் அதிலிருந்து முதலில் விளையும் எட்ரிங்கைட் ஊசிகளும் நேர்மின்சுமை ஏந்தி நிற்கின்றன. சிலிக்கேட் பகுதிகள் எதிர்மின்சுமை பக்கம் சாய்கின்றன. எதிரெதிர் சுமைகள் தாமே தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், செலவும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு, மூடியுள்ள இரண்டு உயரமான கண்ணாடிப் பாட்டில்களை எடுங்கள். இரண்டிலும் முக்கால்வாசி தண்ணீர், இரண்டு தேக்கரண்டி சிமெண்டு. ஒன்றில் மட்டும் நல்ல சூப்பர் பிளாஸ்டிசைசர், அதாவது தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் திரவம், ஓரிரு சொட்டு. இரண்டையும் நன்றாகக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வெறும் சிமெண்டு உள்ள பாட்டிலில் பொருபொருவெனத் துணுக்குகள் திரண்டு இறங்குவது தெரியும். சில நிமிடங்களில் மேலே நீர் தெளிந்துவிடும். அடியில் படிந்தது உப்பலாக, உயரமாக நிற்கும். பாட்டிலைச் சாய்த்தால் இளக்கமாக நகரும். மற்றதில் நீர் சாம்பல் நிறப் பாலாக மணிக்கணக்கில் நிற்கும். பெரிய துகள்கள் மட்டும் முதலில் இறங்கும், நுண்ணியவை மறுநாள்வரைகூட மிதக்கும். அடியில் படிவது உயரம் குறைவாக, நெருக்கமாக இருக்கும்.

சிமெண்டின் அளவு ஒன்றுதான், படிவின் உயரம் மட்டும் வேறு. அந்த உயர வித்தியாசம்தான் திரள்களுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு பாட்டில்களைத்தான். விகிதக் கணக்கு சொல்லிப் புரியாதவர்களுக்கும் இது புரிந்துவிடுகிறது.

அப்படியானால் இந்த ஒட்டும் விசை நமக்கு எதிரியா?

முதல் இரண்டு மணி நேரம் எதிரி. அதற்குப் பிறகு வீட்டைத் தாங்குவதே அதன் உறவினர்தான். சிமெண்டு நீரோடு வினைபுரிந்து உண்டாகும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற கூழ், நானோ அளவுத் துணுக்குகளால் ஆனது. அவற்றின் எதிர்மின்சுமை மிக அதிகம். நடுவே இரட்டைச் சுமை கொண்ட கால்சியம் அயனிகள் நெருக்கமாக நிற்கின்றன. பழைய கணக்கின்படி இந்தப் பரப்புகள் தள்ளிக்கொள்ள வேண்டும். ஆனால் கால்சியம் அயனிகள் ஒன்றையொன்று தவிர்த்து ஒழுங்காக நிற்கும்போது நிகர விளைவு வலுவான ஈர்ப்பாக மாறிவிடுகிறது. கணினிக் கணக்குகளில் தெரிந்த இதை அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். தூளை நீரில் குழைத்தால் கல்லாகும் மாயத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ன செய்கிறது? சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்க வைக்கிறதா?

இல்லை. துகளின் மேல் ஒட்டி, இன்னொரு துகள் அருகில் வராமல் தடுக்கிறது. தளத்தில் எல்லோரும் பொதுவாக "அட்மிக்சர்" என்று சொல்லும் இந்தத் திரவங்களில் மூன்று தலைமுறைகள் உண்டு.

காகித ஆலைக் கழிவிலிருந்து வரும் லிக்னோசல்பொனேட் 1930-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. தண்ணீரைப் பத்து சதவீதம்வரை குறைக்கும். அளவு மீறினால் கலவை இறுகவே மறுக்கும். 1960-களில் ஜப்பானில் நாப்தலீன் வகையும் ஜெர்மனியில் மெலமின் வகையும் வந்தன. இவை துகள்களுக்கு எதிர்மின்சுமை போர்த்தி விலக்குபவை. மேகம் எவ்வளவு மெலிந்தது என்று மேலே பார்த்தோமே, அதனால் இந்த விலக்கத்துக்கு ஒரு எல்லை உண்டு.

1980-களில் ஜப்பானில் உருவான பாலிகார்பாக்சிலேட் வகை வழியையே மாற்றியது. அதன் மூலக்கூறு சீப்பு வடிவம். சீப்பின் தண்டு துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும், பற்கள் வெளியே தண்ணீருக்குள் நீண்டு நிற்கும். இரண்டு துகள்கள் நெருங்கினால் பற்கள் நெரிபடும்; நெரிபட விரும்பாமல் தள்ளும். மின்சுமையை உப்பு அடக்கிவிடலாம், பற்களை அவ்வளவு எளிதில் அடக்க முடியாது. சில நானோமீட்டர் இடைவெளி கிடைத்தாலே போதும், ஈர்ப்பு சரிந்துவிடும், சிறைப்பட்ட நீர் வெளியே வந்துவிடும். நீரில் 30 சதவீதம்வரை, சிலவற்றில் அதற்கு மேலும் குறைக்க முடிவது இதனால்தான். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹஜிமே ஓக்கமுரா 1986-இல் முன்மொழிந்த, அதிர்வுக் கருவியே இல்லாமல் தானாகப் பரவி நிரம்பும் கான்கிரீட் இன்று வழக்கத்துக்கு வந்ததற்கு இந்த வேதிப்பொருளுக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

சோதித்துப் பார்க்க ஆசையா? 100 கிராம் சிமெண்டில் 35 கிராம் தண்ணீர் விட்டுக் குழைத்தால் கரண்டி செங்குத்தாக நிற்கும். ஒரு கிராம் பாலிகார்பாக்சிலேட் திரவம் விட்டு ஒரு நிமிடம் கலக்குங்கள். தேன்போல ஒழுகும்.

அதே அட்மிக்சர், அதே அளவு. நேற்று நன்றாக ஓடியது, இன்று ஓடவில்லை. ஏன்?

மணலைப் பாருங்கள். எம் சாண்டில் கல்தூள் இருப்பது இயல்பு, அது பெரிய தொல்லை செய்யாது. களிமண் கலந்திருந்தால்தான் வம்பு. மான்ட்மோரில்லோனைட் போன்ற களிமண் ஏடு ஏடாக இருக்கும். சீப்பின் பற்கள் அந்த ஏடுகளுக்கு நடுவே நுழைந்து காணாமல் போய்விடும், சிமெண்டுக்கு மிச்சம் கிடைக்காது. மணலை மெத்திலீன் நீலச் சாயத்தால் சோதித்தால் களிமண் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும். நன்றாகக் கழுவிய மணலுக்கு மாறினாலே பல நேரங்களில் வழக்கு தீர்ந்துவிடும்.

சிமெண்டு லோடு மாறியிருக்கலாம், வெயில் ஏறியிருக்கலாம். ஊற்றும் நேரமும் கணக்கில் வரும். நாப்தலீன் வகையைத் தண்ணீரோடு சேர்த்தே விடுவதைவிட ஒரு நிமிடம் கழித்து விட்டால் பலன் கூடும். முதல் நிமிடத்தில் அலுமினேட் பகுதி பரபரவென்று வினைபுரிந்து, கைக்குக் கிடைத்த மூலக்கூறுகளைத் தன் விளைபொருளுக்குள்ளேயே புதைத்துவிடும் என்பதே காரணம்.

இரண்டு வகைகளை மட்டும் கலந்துவிடாதீர்கள். ஒரு தளத்தில் நாப்தலீன் வகை கொஞ்சம் மீந்திருந்த பீப்பாயிலேயே புதிதாக வந்த பாலிகார்பாக்சிலேட்டை ஊற்றிவிட்டார்கள். மறுநாள் குழாயைத் திறந்தால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு இழுபட்டு வந்தது. அன்று போட்ட முதல் கலவை அரை மணிக்குள் மண்வெட்டிக்கு மசியவில்லை. பீப்பாயைக் கழுவ அரை மணி நேரம் செலவழித்திருந்தால் போதும்.

மூட்டையிலேயே கட்டியாகிப்போன சிமெண்டைப் பயன்படுத்தலாமா?

எந்தக் கட்டி என்பதைப் பொறுத்தது. அடுக்கில் அடிமூட்டையாகக் கிடந்து மேல்பாரத்தில் இறுகியது என்றால், தரையில் இரண்டு புரட்டு புரட்டினாலே உதிர்ந்துவிடும். அது துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டதுதான், வினை எதுவும் நடக்கவில்லை. ஆலையில் அரைக்கும்போதும் இதே தொல்லை உண்டு. அரைபட்ட தூள் மறுபடி ஒட்டாமலிருக்கக் கிளைக்கால், ட்ரைஎத்தனோலமைன் போன்றவற்றைச் சிறிதளவு சேர்க்கிறார்கள்.

விரல்களுக்கு இடையே நசுக்கியும் உடையாத கட்டி என்றால் ஈரக்காற்று பட்டு வினை தொடங்கிவிட்டது. சலித்து மிச்சத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கட்டியாகாத தூளும் ஓரளவு கெட்டிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதிக்காமல் தூணுக்கும் உத்தரத்துக்கும் போடாதீர்கள். பலகை மேல், சுவரில் ஒட்டாமல், பத்து மூட்டை உயரத்துக்கு மிகாமல் அடுக்குங்கள்.

கலவை பத்து நிமிடம் சும்மா இருந்தால் இறுகுகிறது, கிளறினால் இளகுகிறது. செட் ஆகத் தொடங்கிவிட்டதா?

இல்லை. அசைவில்லாதபோது திரள்கள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல ஆகின்றன. கைகோத்த இடங்களில் நுண்ணிய ஹைட்ரேட் பாலங்களும் முளைக்கின்றன. கிளறினால் வலை அறுந்து பழையபடி ஆகும். ஊசி வைப்ரேட்டர் இறங்கிய இடத்தில் கான்கிரீட் சட்டென நீர்போலக் குழைவதும் இதே வலை அறுவதால்தான்.

இதைச் சாதகமாக்கிக்கொண்டதுதான் முப்பரிமாண அச்சில் வீடு கட்டுவது. குழாய் வழியாக வரும்போது ஓட வேண்டும், கீழே விழுந்ததும் அடுத்த வரிசையைத் தாங்கும் அளவுக்கு நிற்க வேண்டும். ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் த்வஸ்தா நிறுவனம் இப்படி அச்சிட்ட ஏறத்தாழ 600 சதுர அடி வீடு 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

இரண்டு போலிகளை மட்டும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். அரவை ஆலை சூடேறி, சிமெண்டோடு சேர்த்து அரைக்கும் ஜிப்சம் தன் நீரை இழந்திருந்தால், அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாகக் கலவைக்குள் வந்து உடனே இறுகும். சூடு வராது, தண்ணீர் விடாமல் மறுபடி கலக்கினால் சரியாகிவிடும். அலுமினேட் கட்டுக்கடங்காமல் வினைபுரிந்தாலோ கை வைத்தால் சூடு தெரியும், எத்தனை கலக்கினாலும் மீளாது. அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

லாரியிலிருந்து முஷ்டி அளவில் சிமெண்டு உருண்டைகள் வருகின்றன. உடைத்தால் உள்ளே உலர்ந்த தூள்.

தூளை ஒரே மூச்சில் தண்ணீரில் கொட்டியிருப்பார்கள். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டினால் என்ன ஆகுமோ அதுதான். வெளிப்பூச்சு நனைந்து தோலாகி, உள்ளே நீர் போகாமல் தடுத்துவிட்டது. ஜல்லியும் மணலும் உருளும்போது சிமெண்டைச் சிறிது சிறிதாக விட்டால் கல்லே உரலாகி இடித்துக்கொடுக்கும். வந்துவிட்ட உருண்டைகளை கையால் பொறுக்கி எறியுங்கள், வேறு வழியில்லை.

சிலிகா ஃப்யூம் சேர்த்தால் இன்னும் கட்டி தட்டாதா?

தட்டும். சிலிகா ஃப்யூம் என்பது உலைப் புகையிலிருந்து பிடிக்கும் மிக நுண்ணிய சிலிகா தூள். அதன் துகள் சிமெண்டுத் துகளில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். பையில் வருவதே கையாள வசதியாகத் திரட்டப்பட்ட சிறு மணிகள். போதிய நேரம் கலக்காவிட்டால் அப்படியே தங்கி, சில ஜல்லிகளைப்போல காரத்தோடு வினைபுரிந்து வீங்கவும் கூடும். சூப்பர் பிளாஸ்டிசைசர் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

லாரி வந்து நிற்கிறது, கலவை கெட்டி, இறக்க முடியவில்லை. இப்போது என்ன செய்வது?

முதலில் குழாயை ஓட்டுநரின் கையிலிருந்து வாங்குங்கள். 6 கன மீட்டர் லாரியில் 200 லிட்டர் தண்ணீர் விட்டால், கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்டு உள்ள கலவையில் நீர்-சிமெண்டு விகிதம் 0.45-லிருந்து 0.55-க்கு ஏறிவிடும். அந்தத் தளத்துக்கு நீங்கள் வாங்கிய தரம் அங்கேயே போய்விட்டது.

சீட்டில் கலவை கிளம்பிய நேரத்தைப் பாருங்கள். அனுமதித்த நேரத்துக்குள் என்றால், ஆலையின் ஆளிடம் பேசி, கலவையில் ஏற்கெனவே உள்ள அதே வகை அட்மிக்சரை அவர் சொல்லும் அளவில் மட்டும் விடச் சொல்லுங்கள். பிறகு டிரம்மை வேகமாகச் சுழற்ற வேண்டும். கன மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 6 நிமிடம். ஓட்டுநர் இரண்டு நிமிடத்தில் நிறுத்தப் பார்ப்பார், விடாதீர்கள். திரள் உடைவதற்கு நேரம் பிடிக்கும். அதன் பின் ஸ்லம்ப் கூம்பை வைத்துக் கலவையின் இளக்கத்தை அளந்து பாருங்கள், வலிமை சோதனைக்கான கனசதுரங்களும் அதிலிருந்தே எடுங்கள். நேரம் கடந்துவிட்டதென்றால், அல்லது டிரம்மைத் தொட்டால் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதென்றால், லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.